பவுச்சா, ட்ரை ஃபுட்டா? செட்டிநாட்டு வெயிலில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பூனைக்கு எது நல்லது, பவுச்சில் வரும் ஈர உணவா, மொறுமொறுப்பான ட்ரை ஃபுட்டா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் பூனை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறது? பெரும்பாலும் பதில் வராது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடமும் பதில் இல்லை.

எங்கள் முத்து நாலரைக் கிலோ கடுவன், கருத்தடை செய்தது. குட்டியிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ட்ரை ஃபுட் மட்டும்தான். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், ஒருநாள் சாயங்காலம் மண் தொட்டிக்குப் போவதும் உட்கார்ந்து முக்குவதும் ஒன்றும் வராமல் எழுந்து வருவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று நானே முடிவு செய்து ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டேன். காலையில் வாந்தி. தூக்கிக்கொண்டு ஓடினால், டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், மூத்திரப் பாதை அடைத்திருக்கிறது, பை கல் மாதிரி இருக்கிறது என்று. குழாய் போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்டும் படித்தும் வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரை ஃபுட் விஷம் இல்லை, அதை மட்டுமே தின்று நல்லபடியாக வாழ்கிற பூனைகள் நிறைய உண்டு. மூத்திர அடைப்புக்கு உடல் பருமன், மன அழுத்தம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் உடம்பில் சேரும் தண்ணீர் ஒன்றுதான் நம் கையில் நேராக இருப்பது, அதுவும் நம் ஊர் வெயிலில்.

முதல் படி: தண்ணீர்க் கணக்கு போடுங்கள்

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பில் இருக்கும் தண்ணீரே அதற்குப் பாதி தாகத்தைத் தீர்த்துவிடும், எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். அதனால் பூனைக்குத் தாக உணர்ச்சியே குறைவு, சிறுநீரையும் கெட்டியாக்கித்தான் வெளியே விடும். நாய் மாதிரி மடமடவென்று குடித்து ஈடுகட்டிக்கொள்ளாது.

நாலு கிலோ பூனையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும், சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. கருத்தடை செய்து வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு 200 கலோரி போதும் என்று வையுங்கள்.

ட்ரை ஃபுட்டில் 100 கிராமுக்கு 380 கலோரி இருந்தால், 200 கலோரிக்கு 53 கிராம். அதில் ஈரம் 8 சதவீதம். அப்படியானால் சாப்பாட்டிலிருந்து வரும் தண்ணீர் நாலு மில்லிதான், மீதி முழுவதையும் அது கிண்ணத்திலிருந்து நக்கிக் குடிக்க வேண்டும். 85 கிராம் பவுச்சில் 70 கலோரி என்றால் அதே 200 கலோரிக்கு மூன்று பவுச். ஈரம் 80 சதவீதம், ஆக 200 மில்லிக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர், கிண்ணத்துப் பக்கம் போகாமலே வந்துவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். ட்ரை தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகத்தான் குடிக்கும், ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பவுச் தின்னும் பூனையின் அளவுக்கு வருவதில்லை.

இரண்டாம் படி: உங்கள் பூனை எந்த ரகம்?

கடுவன், அதிலும் கருத்தடை செய்து சோம்பலாகப் படுத்திருக்கும் கடுவன் என்றால், என் கருத்தில் தினம் ஒரு வேளையாவது பவுச் அல்லது டின் உணவு கட்டாயம். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகவும் குறுகல், சின்னப் படிகமோ சளி போன்ற அடைப்போ போதும். முன்னாலேயே ஒருமுறை அடைத்திருந்தால் டாக்டர் எழுதித் தரும் மருத்துவ உணவைத் தவிர வேறு எதற்கும் நீங்களாக மாற்றாதீர்கள்.

பெட்டைகளுக்கு முழு அடைப்பு அபூர்வம், ஆனால் சிறுநீர்ப்பை எரிச்சலும் கல்லும் வரும். குண்டாகிவிட்ட பூனைக்குப் பவுச் நல்லது, ஏனென்றால் அதே கலோரிக்கு அளவு அதிகம், வயிறு நிறையும். விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அமுக்கித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம்.

குட்டிகளுக்கு ஒரு வயது வரை குட்டிகளுக்கான உணவுதான், ட்ரையானாலும் பவுச்சானாலும். நாலு வாரம் தாண்டியதும் ட்ரையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்துத் தரலாம். அந்த வயதிலேயே இரண்டு ரகத்தையும் பழக்கிவிடுங்கள். பூனைக்கு வாயில் படும் பதம் முக்கியம், சின்னதில் மொறுமொறுப்பு மட்டுமே தெரிந்த பூனை பெரிதானபின் பவுச்சை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சினையாக இருக்கும் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும்கூடக் குட்டி உணவு தரலாம், சத்து அதில் கூடுதல்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இருந்தால் இந்த வழிகாட்டி போதாது. குறிப்பாக இன்சுலின் போடும் பூனையை ட்ரையிலிருந்து பவுச்சுக்குத் திடீரென்று மாற்றினால் மாவுச்சத்து குறைந்து சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு ரகம் இருக்கிறது. முற்றத்து வழியாக வந்து, இரண்டாம் கட்டில் சாப்பிட்டு, கொல்லைப் பக்கம் போய்விடும் பாதி வீட்டுப் பூனை. அது ஒன்றுக்குப் போகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அடைப்பு வந்தால் இரண்டு நாள் காணவில்லை என்றுதான் நினைப்போம், அதற்குள் காலம் கடந்துவிடும். இப்படிப்பட்ட கடுவன்களுக்குத்தான் ஈர உணவு மிகவும் தேவை என்பேன். முடிந்தால் பின்கட்டின் ஒரு மூலையில் மண் தொட்டி ஒன்றும் வையுங்கள், கொஞ்ச நாளில் பழகிக்கொள்ளும்.

மூன்றாம் படி: பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்துப் படத்தில் சால்மன் துள்ளும், அதைப் பார்க்க வேண்டாம். விஸ்காஸ், மீ-ஓ, ராயல் கேனின், ஷீபா என்று எதை எடுத்தாலும் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் தேட வேண்டும். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருந்தால் அதையே முழுச் சாப்பாடாகத் தரலாம். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கைதான். டியூபில் வரும் கிரீம் ட்ரீட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. அதை நக்குகிறதே என்று அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

அடுத்தது புரதம். பவுச்சில் 9 சதவீதம், ட்ரையில் 32 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, பவுச்சில் சத்தே இல்லை, வெறும் தண்ணீருக்குக் காசு என்று கடையில் ஒருவர் வாதாடினார். அந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பவுச்சில் ஈரம் 82 என்றால் மிச்சம் 18, அந்த 18-ல் 9 புரதம், அதாவது 50 சதவீதம். ட்ரையில் ஈரம் 10 என்றால் மிச்சம் 90-ல் 32, அதாவது 35 சதவீதம் சொச்சம். கால்நடை, செல்லப்பிராணி உணவுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் வரையறைப்படி வளர்ந்த பூனைக்கு ஈரம் கழித்த கணக்கில் 26 சதவீதமாவது வேண்டும், குட்டிக்கு 30. இரண்டுமே தேறிவிடுகின்றன, பவுச் குறைந்ததில்லை.

டாரின் என்ற சத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பூனையால் இதைத் தேவையான அளவு தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், இறைச்சியில்தான் அது அதிகம். இது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்பது 1987-ல்தான் ஆய்வில் தெரியவந்தது, அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் அளவைக் கூட்டின. கண்ணும் கெடும். நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து போடக் கூடாது என்பதும் பால் சோற்றில் பூனை வளர்க்க முடியாது என்பதும் இதனால்தான்.

பெரிய மூட்டையைப் பிரித்து, கண்ணாடி கவரில் கால் கிலோ அரைக் கிலோவாகக் கட்டி விற்கும் ட்ரையை வாங்கவே வாங்காதீர்கள். எந்தத் தேதியில் செய்தது, எப்போது பிரித்தது எதுவும் தெரியாது. காசு இடித்தால் கம்பெனி ஒட்டிய சின்னப் பையாக வாங்குங்கள்.

நான்காம் படி: வீட்டுச் சாப்பாடு எவ்வளவு தூரம்?

இதைத்தான் நம் பக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு முத்து மேல் உயிர். தொண்டிப் பக்கத்து மீன் வண்டி வந்த நாளெல்லாம் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஒரு உருண்டை அதற்கு உண்டு. செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு விழும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் கெடுதல் போகாது. மீன் துண்டை எடுத்துக் கழுவிக் கொடுத்தாலும் சாறு உள்ளே இறங்கியிருக்கும்.

தயங்கித் தயங்கித்தான் போய்ச் சொன்னேன். "ஆச்சி, குழம்பு வேண்டாம், வெங்காயம் அதுக்கு ஆகாதாம்." ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளா நான் போட்டதெல்லாம் அதுக்குக் கெடுதலாப்பா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். இப்போது மீனை அலசியதுமே மசாலாவுக்கு முன்னால் ஒரு துண்டை எடுத்து, உப்புப் போடாமல் தனியாக அவித்து, முள் எடுத்துத் தருகிறார். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் கேட்பார்கள், பாசத்தில்தானே போடுகிறார்கள்.

அவித்த மீன், அவித்த கோழி இரண்டும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பச்சை மீன் வேண்டாம், சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மத்தி என்கிற சாளை மாதிரி எண்ணெய் மீனையே தினமும் போடுவதும் தவறு. ஈரல் எப்போதாவது ஒரு விரல்நுனித் துண்டு. தினமும் தின்றால் வைட்டமின் ஏ அளவு மிஞ்சி எலும்பு கெடும். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடையும். பால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கும். குடிக்க ஆசைப்படுகிறது என்பதற்காக ஊற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: பணத்துக்குத் தகுந்த அளவு

முழுக்கப் பவுச் என்றால் மாதம் 90 பவுச். முழுக்க ட்ரை என்றால் மாதம் 1.6 கிலோ. உங்கள் கடை விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் பல மடங்கு வரும். எல்லோராலும் முடியாது, முடியாததில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

டாக்டரைக் கேட்டு நான் செய்வது கலவை. ஒரு பவுச் 70 கலோரி, மிச்சம் 130 கலோரிக்கு ட்ரை 35 கிராம். இது நாலு கிலோ பூனைக்கான கணக்கு, பையில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்து உங்கள் பூனைக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ளுங்கள். பவுச்சோடு இரண்டு மூன்று பெரிய ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரையும் கலந்துவிடுவேன், சூப் மாதிரி நக்கிக் குடித்துவிடும். இந்த ஒரு வேளையிலேயே 100 மில்லி அளவு உள்ளே போய்விடுகிறது. ட்ரையைக் கையால் அள்ளிப் போடாதீர்கள், சமையலறைத் தராசில் நிறுங்கள், ஒரு கைப்பிடிக்கும் இன்னொரு கைப்பிடிக்கும் பத்து கிராம் வித்தியாசம் வரும், பத்து கிராம் என்பது பூனைக்கு ஒரு சிற்றுண்டி.

பவுச்சே முடியாதா? ட்ரையில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் தின்னாததைக் கொட்டிவிடுங்கள். கூடவே ஏழாம் படியில் உள்ளதை விடாமல் செய்யுங்கள். தெருப் பூனைகள் நாலைந்துக்குப் போடுபவர்களுக்கு ட்ரைதான் நடைமுறை, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி ஒன்று சேர்த்து வைத்தால் போதும்.

ட்ரை தின்றால் பல் சுத்தமாகும் என்று சொல்வார்கள். சாதாரண ட்ரை ஃபுட்டுக்கு அந்தக் குணம் பெரிதாகக் கிடையாது, கடித்ததும் நொறுங்கிவிடும். பல்லுக்கென்றே பெரிய துண்டாகத் தயாரிக்கும் உணவு வேறு. இந்தக் காரணத்துக்காக ட்ரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: மாற்றும்போது அவசரம் கூடாது

ஏழிலிருந்து பத்து நாள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால், பிறகு முழுவதும். வயிற்றுப்போக்கு வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.

பிடிவாதக்காரப் பூனைக்கு மூன்று வாரம்கூட ஆகும். முத்துவுக்கு ஆனது. முதலில் நாள் முழுக்கத் தட்டில் ட்ரை கிடப்பதை நிறுத்தி, காலை, மாலை, ராத்திரி என்று வேளை வைத்தேன். பசி வந்தால்தான் புதிதை முகரும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், ஒரு கிண்ணம் சுடுதண்ணீரில் பவுச்சை நிறுத்தி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வாசனை எழும், பூனைக்கு நாக்கைவிட மூக்கே முக்கியம். மேலே கொஞ்சம் ட்ரையை நொறுக்கித் தூவினேன். கிரேவி வகைப் பவுச் பிடிக்கவில்லை, ஜெல்லி வகை பிடித்தது. ஒரே தடவையில் பெட்டியாக வாங்கிவிடாமல் இரண்டிரண்டாக வாங்கிச் சோதியுங்கள்.

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர மட்டும் முயலாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரமாக, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு முழு நாள் எதுவும் தின்னவில்லையா, பழைய உணவையே கொடுங்கள், அதையும் தொடவில்லை என்றால் டாக்டர்.

ஏழாம் படி: வெயில், எறும்பு, மழை

சித்திரை வைகாசியில் தட்டில் வைத்த பவுச் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிரித்து மிச்சம் வைத்ததை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் போனால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எறும்புக்கு நம் வீட்டுப் பழைய வழிதான். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் சாப்பாட்டுக் கிண்ணம். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதையும் பூனைத் தட்டுப் பக்கம் போடக் கூடாது, காலில் ஒட்டி நக்கும்போது உள்ளே போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் ட்ரை நமுத்துப் போகும், பூசணமும் பிடிக்கும். பையை மாற்றாமல் அப்படியே இறுக்கிச் சுருட்டி மூடி போட்ட டப்பாவுக்குள் வையுங்கள், ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள்.

குடிதண்ணீருக்கு வாய் அகன்ற மண்சட்டியைப் போல எதுவும் இல்லை, வெயிலிலும் ஜில்லென்று இருக்கும், மீசை விளிம்பில் உரசாது. வளவில் ஒன்று, முகப்பில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று மூன்று வைத்திருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டையும் மண் தொட்டியையும் விட்டுத் தள்ளி. தினமும் தேய்த்துக் கழுவி, நீங்கள் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பூனை வாய் வைக்க யோசிக்கும்.

எட்டாம் படி: மாற்றிய பிறகு கவனிக்க வேண்டியது

ஈர உணவு சேர்ந்ததும் தொட்டியில் மூத்திரக் கட்டி பெரிதாகும், எண்ணிக்கையும் கூடும். அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தொட்டிக்குப் போய் முக்குவது, கத்துவது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது, சொட்டுச் சொட்டாக அல்லது ரத்தமாக வருவது, கடுவனுக்கு ஒன்றுமே வராமல் இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூத்திரம் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும், ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பூனைக்குக் குழாய் போடத் தெரிந்த டாக்டர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யார், ராத்திரியில் எடுப்பாரா என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஆள் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, மதுரை, திருச்சி என்று எங்கே போவது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் யோசித்து வையுங்கள்.

கடைசியாக, வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய், திருவிழாவுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் வருபவர்கள் நம்மில் நிறையப் பேர். பூனையை வாட்ச்மேன் அண்ணனிடம்தான் விட்டுப் போகிறோம். அவருக்கு ட்ரை போடுவது சுலபம், அதனால் நாளுக்கு ஒரு பொட்டலம் என்று 53 கிராம் கட்டி வைத்துவிட்டுப் போங்கள், தண்ணீரில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள், மூன்று மண்சட்டியையும் காட்டிக் கொடுங்கள். போன் பண்ணும்போது "பூனை சாப்பிட்டுச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "ஒண்ணுக்குப் போச்சா, நீங்க பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.